சாப்பாடு ஒத்துக்காம போனா குடலுக்குள்ள முதல் ரெண்டு நாள் என்னதான் நடக்குது? அடிக்கடி கேட்குற கேள்விகள்

இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் திருவிழா சீசன் வந்தாச்சுன்னா தோட்டத்துக்குத் தோட்டம் அன்னதானம், பால்குடம், தீமிதின்னு வரிசையா போகும், அதோட சேர்ந்து கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டமும் வரும். நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கிறவன்னு தெரிஞ்சதால தாமான்ல (எங்க குடியிருப்புல) உள்ள அக்கா, அண்ணன், மாமா எல்லாரும் வாட்ஸ்அப்ல என்கிட்டதான் கேட்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் அனுப்பி முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல, மருந்து எழுதித் தர மாட்டேன், குடலுக்குள்ள நடக்கிறது என்னன்னு மட்டும் சொல்றேன்.

ஒரே சாப்பாடுதான் சாப்பிட்டோம், மச்சானுக்கு ரெண்டு மணி நேரத்துல வாந்தி, எனக்கு மறுநாள் ராத்திரிதான் ஆரம்பிச்சது. ஏன் அப்படி?

ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே வியாதியா இல்லாம இருக்கலாம். சில கிருமி சாப்பாட்டுலயே விஷத்தைக் கக்கி வச்சிடும். சமைக்கிறவங்க கையில உள்ள புண்ணுலேர்ந்து வர்ற ஸ்டெஃபிலோகாக்கஸ் ஒண்ணு, சோத்துல வர்ற பேசில்லஸ் சீரியஸ் இன்னொண்ணு. அந்த விஷம் திரும்ப சுட வச்சாலும் போகாது, சாப்பிட்ட அரை மணி நேரத்துலேர்ந்து ஆறு எட்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துரும். அங்க நோய் எதிர்ப்பு செல்லுக்குப் பெரிய வேலை கிடையாது, விஷம் நரம்பைக் கிண்டி விடுது, மூளை வெளிய தள்ளச் சொல்லுது, ஒரு நாள்ல ஆள் எழுந்துருவார்.

உங்களுக்கு மறுநாள் வந்துச்சுன்னா அது அனேகமா உயிரோட உள்ள போன கிருமி. சல்மோனெல்லாவுக்கு 6 மணி நேரத்துலேர்ந்து 72 மணி நேரம் வரைக்கும் ஆகும், கேம்பைலோபாக்டருக்கு ரெண்டுலேர்ந்து அஞ்சு நாள், லிஸ்டீரியா வாரக்கணக்குல கூட எடுக்கும். அதனால "கடைசியா சாப்பிட்ட கடைதான் காரணம்"னு உடனே அந்தக் கடைக்காரர் மேல பாயாதீங்க, முந்தாநாள் பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) டாப்பாவ் பண்ண, அதாவது பொட்டலம் கட்டி வாங்கின, சாத்தேயா (குச்சியில சுட்ட இறைச்சி) கூட இருக்கலாம். கீழ நான் சொல்லப்போறது எல்லாம் இந்த ரெண்டாவது வகையைப் பத்திதான்.

வயித்துல ஆசிட் இருக்கே, அதுல கிருமி செத்துப் போகாதா?

நிறைய சாகும். ஆனா எல்லாம் சாகாது. சாப்பாட்டோட சேர்ந்து போகுறப்போ, அதுவும் கொழுப்பு நிறைய உள்ள சாப்பாடா இருந்தா, ஆசிட் கொஞ்சம் மட்டுப்படும், கிருமி ஒளிஞ்சுக்கிட்டு தப்பிச்சிரும். ஷிகெல்லா மாதிரி கிருமிக்கு பத்துலேர்ந்து நூறு உயிர் உள்ள போனாலே போதும், ஆசிட்டை அது கண்டுக்கிறதே இல்ல. கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரஸோல் மாதிரி மாத்திரை தினமும் போடுறவங்களுக்கு இந்த முதல் வேலியே பலவீனம், அவங்க வெளிய சாப்பிடுறப்போ கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும், அதுக்காக டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்திடாதீங்க.

ஆசிட்டைத் தாண்டிட்டா அடுத்து யார் தடுக்கிறது?

குடலோட உள்பக்கச் சுவர் ஒரே ஒரு வரிசை செல்தான், அவ்வளவு மெல்லிசு. அது மேல சளி மாதிரி ஒரு படலம் இருக்கும், அந்தச் சளிக்குள்ள கிருமியைக் கொல்லுற புரதங்களும் ஐஜிஏ எதிர்ப்புப் பொருளும் ஊறிப் போயிருக்கும். சிறுகுடல் மடிப்போட அடியில பேனத் செல்னு ஒண்ணு உட்கார்ந்திருக்கு, 1888ல ஜோசப் பேனத்ங்கிற ஆஸ்திரியா நாட்டுக்காரர் விவரமா எழுதினதால அந்தப் பேரு. அதுதான் டிஃபென்சின், லைசோசைம்னு கிருமியைக் கொல்லுற அந்தப் புரதங்களை சுரந்துக்கிட்டே இருக்கும். சுவர் செல் மூணுலேர்ந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவை புதுசா மாறிடும், அதனால கொஞ்சம் அடிபட்டாலும் சீக்கிரம் ஆறிடும்.

இவ்வளவு காவல் இருக்கிறப்போ கிருமி எப்படி உள்ள நுழையுது?

காவலே அங்கங்க கதவைத் திறந்து வச்சிருக்கு, அதான் விஷயம். சிறுகுடல்ல பேயர் திட்டுன்னு சில இடங்கள் இருக்கு, ஜோஹான் பேயர் 1677ல எழுதி வச்சது. அங்க எம் செல்னு ஒரு வகை, குடல்ல ஓடுறதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து உள்ள இருக்கிற எதிர்ப்பு செல்லுக்குக் காட்டும், பழகிக்கட்டும்னு. சல்மோனெல்லா அந்த வழியாவே நைசா உள்ள போயிடும். போதாததுக்கு அதுகிட்ட ஊசி மாதிரி ஒரு கருவி வேற இருக்கு. பக்கத்து செல்லுல அந்த ஊசியைக் குத்தி தன்னோட புரதத்தை ஏத்தும், உடனே அந்த செல்லோட மேல்தோல் சுருக்கம் சுருக்கமா எழும்பி கிருமியை தானாவே வாரி உள்ள போட்டுக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்துல பார்த்தா பாவாடை ஃப்ரில் மாதிரியே இருக்கும், நிஜமாவே அழகு, நடக்கிறதுதான் அசிங்கம்.

குடல்ல ஏற்கனவே கோடானுகோடி பாக்டீரியா இருக்காமே? இது மட்டும் கெட்டதுன்னு உடம்புக்கு எப்படித் தெரியுது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உடம்பு கிருமியோட பேரைப் பார்க்கிறதில்ல. கிருமி எங்க நிக்குது, என்ன பண்ணுதுங்கிறதைத்தான் பார்க்குது. உதாரணத்துக்கு நீந்துறதுக்கு வால் வச்சிருக்கிற பாக்டீரியா எல்லாத்துக்கும் அந்த வால் ஃப்ளாஜெலின்ங்கிற ஒரே புரதத்துல செஞ்சது. நல்ல பாக்டீரியாகிட்டயும் அது இருக்கும். ஆனா அதை உணர்ற டிஎல்ஆர் 5ங்கிற உணரி பெரும்பாலும் சுவர் செல்லோட அடிப்பக்கத்துல இருக்கு, உணவு ஓடுற மேல்பக்கத்துல இல்ல. வெளிய நீந்திக்கிட்டிருந்தா யாரும் கேட்க மாட்டாங்க, சுவரைத் தாண்டி அடிப்பக்கம் வந்து நின்னா மணி அடிச்சிரும். இந்த டிஎல்ஆர் வகை உணரிகளைக் கண்டுபிடிச்ச வேலைக்காக புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும் 2011ல நோபல் பரிசு கிடைச்சது, அதே வருஷம் டென்ட்ரைட்டிக் செல்லைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் சேர்த்து.

இதைத் தவிர செல்லோட வயித்துக்குள்ளயே இன்னொரு காவல் இருக்கு, நெய்ப், என்எல்ஆர்சி 4னு ரெண்டு புரதம் ஜோடியா வேலை செய்யும். அந்த வாலோட துண்டோ ஊசியோட துண்டோ செல்லுக்குள்ள வந்து விழுந்தா, இது ஓடுற கிருமி இல்ல, உள்ள புகுந்துட்ட கிருமின்னு உடனே தெரிஞ்சு போகும். அப்புறம் நடக்கிறதுதான் கூத்து. அந்த செல் தன்னையே பலி குடுத்துக்கும். முத்துன செம்பனைக் குலையிலேர்ந்து பழம் தானா உதிருதே, அதே மாதிரி தொத்திக்கிட்ட செல், உள்ள இருக்கிற சல்மோனெல்லாவோட சேர்ந்து சுவரை விட்டு கழண்டு குடலுக்குள்ள விழுந்துரும், சுத்தி இருக்கிற செல் நெருங்கி வந்து ஓட்டையை மூடிடும், மலத்தோட வெளிய போக வேண்டியதுதான். இது மணிக்கணக்குலயே, முதல் நாளே நடக்குது. எலிகள்ல குடல் சுவர் செல்லுல மட்டும் இந்தக் காவலை எடுத்துட்டுப் பார்த்தப்போ, சுவருக்குள்ள சல்மோனெல்லா பல மடங்கு கூடிப் போச்சு. விழறப்போ அந்த செல் சும்மா விழாது, இன்டர்லூக்கின் 18னு ஒரு சேதிப் புரதத்தையும் விட்டுட்டுத்தான் போகும், அதைக் கேட்டுத்தான் மத்த செல் எல்லாம் வரும்.

அப்போ முதல்ல வந்து நிக்கிற எதிர்ப்பு செல் எது?

வர்றது அப்புறம், ஏற்கனவே அங்கயே குடியிருக்கிறவங்களைப் பத்தி முதல்ல சொல்லணும். சிறுகுடல்ல சுவர் செல்லுங்களுக்கு நடுவுல, பத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல, டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு செருகி உட்கார்ந்திருக்கும். அதுல காமா டெல்டா டி செல்னு ஒரு வகை உண்டு, எலில நிறைய, நமக்குக் கொஞ்சம் கம்மி. உயிரோட இருக்கிற எலியோட குடலை மைக்ராஸ்கோப்ல நேரடியா பார்த்தா இது சும்மா இருக்காம சுவர் செல்லுங்களுக்கு நடுவுல ஊர்ந்து ரோந்து போய்க்கிட்டே இருக்கிறது தெரியும், கிருமி வந்தா ரோந்து போற விதமே மாறிடும். வழக்கமான டி செல் மாதிரி "முதல்ல பாடம் படிச்சிட்டு வர்றேன்"னு ஒரு வாரம் எடுக்காது, பார்த்த உடனே வேலை.

இன்னொரு ஆள் மெய்ட் செல். இது தேடுறது என்ன தெரியுமா, பாக்டீரியா வைட்டமின் பி2 செய்யிறப்போ நடுவுல உண்டாகுற பொருளை. நம்ம உடம்பால பி2 செய்ய முடியாது, சாப்பாட்டுலேர்ந்துதான் எடுக்கணும், அதனால அந்தப் பொருள் அங்க இருந்தா அது கிருமி செஞ்சதுதான்னு சந்தேகமே இல்லாம தெரியும். 2012லதான் இதைக் கண்டுபிடிச்சாங்க. சல்மோனெல்லா பி2 செய்யும், மாட்டிக்கும். லிஸ்டீரியாவுக்கு அதைச் செய்யத் தெரியாது, அதனால இந்த வழியில மாட்டாது, வேற ஆள்தான் பிடிக்கணும்.

அப்புறம் ஐஎல்சி 3னு ஒரு செல். இது கிருமியை நேரா அடிக்காது, இன்டர்லூக்கின் 22ஐ விட்டு சுவர் செல்லை உசுப்பேத்தும், அது சளியை கூட்டும், கிருமியைக் கொல்லுற புரதத்தை கூட்டும், இரும்புச் சத்தை கிருமிக்குக் கிடைக்காம மறைக்கிற புரதத்தையும் சுரக்கும். சுவருக்கு அடியில மேக்ரோஃபேஜ் காத்திருக்கும், தாண்டி வர்றதை விழுங்கும். டென்ட்ரைட்டிக் செல் மட்டும் சண்டையில நிக்காம ஒரு துண்டை எடுத்துக்கிட்டு நிணநீர் முடிச்சுக்கு ஓடும், புதுசா டி செல்லும் எதிர்ப்புப் பொருளும் தயார் பண்ண. அது தயாராக ஒரு வாரம் கிட்ட ஆகும். பெரும்பாலான ஃபுட் பாய்சனிங் அதுக்குள்ளயே முடிஞ்சிரும், அதாவது உங்களைக் காப்பாத்துறது முக்கால்வாசி இந்த முதல் கூட்டம்தான்.

லேப் ரிப்போர்ட்ல மலத்துல "பஸ் செல்" (pus cell) இருக்குன்னு எழுதியிருக்கு. சீழ் பிடிச்சிருச்சா?

பயப்படாதீங்க ஆண்டி, அது நியூட்ரோஃபில். ரத்தத்துல ஓடுற வெள்ளை அணு, எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு பத்தாயிரம் கோடி செய்யுது, ரத்தத்துல பெரும்பாலும் ஒரு நாள் கூட தாங்காது. சுவர் செல் ஐஎல் 8னு (இன்டர்லூக்கின் 8) ஒரு சேதி விட்டதும் ரத்தக் குழாயிலேர்ந்து சுவரைத் தாண்டி நேரா குடலுக்குள்ளயே குதிச்சிரும்.

நான் பார்க்கிறது எப்படின்னா, சளி மாதிரி இருக்கிற இடத்துலேர்ந்து ஒரு துளி எடுத்து கண்ணாடில தடவி மெத்திலின் ப்ளூ ஒரு சொட்டு விட்டு மூடி, நாப்பது லென்ஸ்ல பார்ப்பேன். உள்ள நீலமா மூணு நாலு உருண்டை நூல்ல கோத்த மாதிரி ஒரு கரு தெரியும், அதான் நியூட்ரோஃபில். விஷத்தால மட்டும் வந்த வயித்துப்போக்குல அது அனேகமா இருக்காது. லென்ஸ்ல தெரியுற இடம் பூரா அது நிறைஞ்சிருந்தா கிருமி சுவரைக் குடைஞ்சிருக்குன்னு அர்த்தம், சல்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர் இப்படி ஏதோ ஒண்ணு. அப்புறம்தான் எக்ஸ்எல்டின்னு கிருமி வளர்க்கிற தட்டுல வளர்க்கிறது. மறுநாள் காலையில தட்டைத் திறந்தா சிவப்பு புள்ளி நடுவுல கறுப்பா பொட்டு வச்ச மாதிரி நின்னா சல்மோனெல்லான்னு சந்தேகப்பட்டு அடுத்த டெஸ்ட் போடுவோம். ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகுறது இதனாலதான், நாங்க தே தாரிக் (ஆத்துன பால் டீ) குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கலை.

காய்ச்சல் ஏன் வருது?

மேக்ரோஃபேஜ் விடுற ஐஎல் 1, ஐஎல் 6, டிஎன்எஃப்ங்கிற சேதிப் புரதம் எல்லாம் ரத்தம் வழியா மூளைக்குப் போய் சூட்டோட அளவை ஏத்தி வைக்கும். பாராசிட்டமோல் போட்டுக்கலாம், தண்ணி குடிக்கிறதுதான் முக்கியம்.

வயித்தால போறது உடம்பு கழுவி விடுறதுதானே, நல்லதுதானே? நிறுத்த மாத்திரை போடலாமா?

பாதி சரி. சண்டையில உண்டாகுற ப்ராஸ்டாகிளாண்டின் மாதிரி பொருள் சுவர் செல்லை உப்பையும் தண்ணியையும் கொட்ட வைக்கும், அதுல கிருமியும் அடிச்சிக்கிட்டுப் போகும். ரத்தம் போகுது, காய்ச்சல் இருக்குன்னா லோபெரமைட் மாதிரி நிறுத்துற மாத்திரையை நீங்களா வாங்கிப் போடக் கூடாது, கிருமியும் விஷமும் உள்ளயே தங்கிரும்.

மீதி பாதி என்னன்னா, சல்மோனெல்லா நம்ம சண்டையையே சாப்பாடாக்கிக்கும். நியூட்ரோஃபில் கிருமியைச் சுடுறதுக்கு ஆக்சிஜன் ரசாயனத்தைக் கொட்டுது இல்லையா, அது குடல்ல ஏற்கனவே இருக்கிற தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டா மாத்திரும். குடல்ல ஆக்சிஜன் இல்லாததால நல்ல பாக்டீரியா எல்லாம் நொதிச்சுத்தான் பிழைக்குது, ஆனா சல்மோனெல்லாவுக்கு இந்த டெட்ராதயோனேட்டை வச்சு மூச்சு விடத் தெரியும், அதனால வீங்குன குடல்ல அது மட்டும் கொழுத்து மத்ததை ஓரங்கட்டிரும். 2010ல இதை எலில காட்டினாங்க. லேப்காரங்களுக்கு இதுல ஒரு சிரிப்பு இருக்கு: 1923லேர்ந்தே மலத்துல சல்மோனெல்லாவை மட்டும் பெருக்கி எடுக்க டெட்ராதயோனேட் கரைசலைத்தான் ஊத்திக்கிட்டிருக்கோம், குடலும் அதே சமையலைத்தான் செய்யுதுன்னு தெரிய கிட்டத்தட்ட 90 வருஷம் ஆச்சு.

அதனால வயித்துப்போக்கை நிறுத்தவும் வேணாம், கொண்டாடவும் வேணாம், போற தண்ணியை உள்ள திருப்பிப் போடுங்க. ஓஆர்எஸ் (வாய்வழியா குடிக்கிற உப்பு சீனிக் கரைசல் பொடி) பாக்கெட்டை அதுல எழுதியிருக்கிற அளவு தண்ணில கலக்குங்க, கூடவும் கூடாது குறையவும் கூடாது. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணில தலை தட்டுன ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. குளுக்கோஸும் உப்பும் ஒண்ணா இருந்தாத்தான் சுவர் செல் இழுக்கும், தண்ணி பின்னாடியே வரும். கடையில விக்கிற 100 பிளஸ் பானம் குடிச்சா போதாதான்னு கேட்பீங்க, பெரியவங்களுக்கு லேசா இருந்தா பரவால்ல, சின்னப் பிள்ளைக்கு அது சீனி ஜாஸ்தி உப்பு கம்மி, ஓஆர்எஸ்தான்.

பாட்டி குடுக்குற ஓமத்தண்ணி, கொய்யாக் கொழுந்து, கஞ்சித்தண்ணி?

உப்பு போட்ட கஞ்சித்தண்ணி நல்லது, அரிசில செஞ்ச ஓஆர்எஸ்ஸே உலகத்துல உண்டு. ஓமமும் கொய்யாவும் குடிச்சா ஆறுதலா இருக்கும்னா குடிங்க, ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலா மட்டும் வேணாம்.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் வீட்டுல இருக்கு, போட்டுக்கலாமா?

வேணவே வேணாம். நல்லா இருக்கிற பெரியவங்களுக்கு சாதாரண சல்மோனெல்லா வயித்துப்போக்குல ஆன்டிபயாட்டிக் நாளைக் குறைக்கிறதில்ல, மலத்துல கிருமி இன்னும் அதிக நாள் போறதுக்குத்தான் வழி பண்ணும், ஏன்னா காவலுக்கு இருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்னுருது. ரத்தமா போக வைக்கிற சில வகை ஈகோலை கிருமில ஆன்டிபயாட்டிக் குடுத்தா விஷம் இன்னும் கூடி கிட்னி போற ஆபத்து இருக்கு. யாருக்குத் தேவைன்னு டாக்டர் பார்த்து சொல்லட்டும்.

நான் கடை வச்சிருக்கேன், டைபாய்டு ஊசி போட்டிருக்கேன். எனக்கு ஃபுட் பாய்சனிங் வராது இல்ல?

வரும் அண்ணே. அந்த ஊசி சல்மோனெல்லா டைஃபிங்கிற ஒரே ஒரு ஆளுக்குத்தான். சல்மோனெல்லாவுலயே 2,500க்கு மேல வகை இருக்கு, ஒண்ணுக்கு வந்த எதிர்ப்பு இன்னொண்ணுக்கு சரியா பொருந்தாது, ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்பத் திரும்ப வர்றதும் அதனாலதான்.

டைபாய்டு வேற மாதிரி ஆள்ங்கிறதையும் சொல்லிடறேன். அது மேல விஐன்னு ஒரு உறை போர்த்திக்கும், அதனால சுவர்ல இருக்கிற உணரிக்கு சரியா தெரியாது, நியூட்ரோஃபில் கூட்டமும் அவ்வளவா வராது. முதல் ரெண்டு நாள் சத்தமே இருக்காது, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் காய்ச்சல் படிப்படியா ஏறும். வாந்தி பேதின்னு ஆர்ப்பாட்டம் பண்ற கிருமியை விட இந்த மாதிரி அமைதியா வர்றது ஆபத்துன்னு நான் நினைப்பேன்.

எப்ப கிளினிக் போகணும்?

ரத்தம் போனா, காய்ச்சல் விடாம அடிச்சா, குடிச்ச தண்ணி எதுவும் நிக்கலன்னா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, பிள்ளை சோர்ந்து படுத்துட்டா உடனே. சின்னக் குழந்தை, வயசானவங்க, சீனி வியாதி உள்ளவங்க காத்திருக்கவே வேணாம். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு லேசான காய்ச்சல்னாலும் காட்டணும், லிஸ்டீரியா ஐஸ்பெட்டி குளிர்லயும் வளரும், நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்கும் போகும்.

அன்னதானத்துக்கு சமைக்கிறோம், எதைக் கவனிக்கணும்?

விடியக்காலை ரெண்டு மணிக்கு பெரிய அண்டாவுல கோழிக் குழம்பை இறக்கி மூடி வச்சிட்டு, சாமி ஊர்வலம் சுத்தி வந்து மதியம் ரெண்டு மணிக்குப் பரிமாறுறோம், இதான் பிரச்சனையே. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி பெருகும், நல்ல சூழ்நிலையில 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும், ஒண்ணு ஏழு மணி நேரத்துல இருபது லட்சம். மேல சொன்ன காவல் எல்லாம் ஆயிரம் பேரைத் தடுக்கும், கோடிக்கணக்குல வந்தா திணறத்தான் செய்யும். ஒண்ணு அடுப்புல கொதிக்கக் கொதிக்க வச்சிருங்க, இல்லன்னா காலையில தாமதமா சமைங்க. பச்சைக் கோழி வெட்டுன பலகையில வெள்ளரிக்காய் வெட்டாதீங்க. வயித்தால போறவர் எவ்வளவு நல்ல சமையல்காரரா இருந்தாலும் அன்னைக்கு கரண்டி பிடிக்கக் கூடாது.

பல பேருக்கு வந்துருச்சு, மிச்ச சாப்பாட்டை தூக்கிப் போட்டுடலாமா? கோயில் பேரு கெட்டுப் போகுமே?

போடாதீங்க. ஃபுட் பாய்சனிங் 1988ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்துல அறிவிக்க வேண்டிய நோய், டாக்டர் சுகாதார இலாகாவுக்கு சொல்லித்தான் ஆகணும், அதிகாரிங்க வந்து சாம்பிள் கேட்பாங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் சுத்தமான பிளாஸ்டிக் பைல கட்டி, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு சமைச்சதுன்னு எழுதி ஐஸ்பெட்டில வைங்க, யாரும் எடுத்து சாப்பிட்டுடாம பார்த்துக்குங்க. யார் யார் சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, முதல் கேள்வில சொன்னேனே, அந்த நேரத்தை வச்சே எந்தக் கிருமின்னு பாதி யூகிச்சிரலாம், எங்களுக்கும் எந்தத் தட்டைப் போடணும்னு தெரியும்.